இரட்டைப்பாறையில் கோத்த கொம்புகள்

இரட்டைப்பாறைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் பெயர் கவைக்கொம்பன். அதன் கொம்பு பெரிது. குரல் அதைவிடப் பெரிது. அது பேசத் தொடங்கினால், வாயில் இருக்கும் புல்லை மெல்லக்கூட மான்கள் மறந்துவிடும்.

கூட்டம் மேய்ந்த புல்வெளிக்கு மூன்று பக்கமும் உண்ணிச்செடிப் புதர்கள். நான்காவது பக்கம் செங்குத்தான பாறை. அந்தப் பாறை இரண்டாகப் பிளந்து, நடுவே ஓர் இடுக்கு இருந்தது. ஒரு மான் தாராளமாகப் போகலாம். இரண்டு மான்கள் சேர்ந்து போனால் விலா உரசும். இடுக்கைத் தாண்டினால் ஆறு. ஆற்றோரம் ஒரு மணல்திட்டு.

ஆண்டுதோறும் பங்குனி வெயிலில், அந்த இடுக்கின் முன்னால் மான்கள் கூடும். அந்த நாளுக்குத் 'தீ நாள்' என்று பெயர். கவைக்கொம்பன் பாறைமேல் ஏறிப் பேசும். எல்லா மான்களும் கேட்கும்.

ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்காமலே ஒரு விருந்தாளி வரும். அதன் பெயர் செம்பி. அது ஒரு கேளையாடு. கேளையாடு என்பது பெயருக்குத்தான் ஆடு. உண்மையில் நாயைப் போலக் குரைக்கிற சிறிய மான். செம்பியின் முதுகில் ஓரிடத்தில் முடியே கிடையாது. தீ சுட்ட தழும்பு அது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே புல்வெளியில் காட்டுத்தீ புகுந்தது. புள்ளிமான்கள் இடுக்கு வழியாக ஓடி மணல்திட்டில் ஏறிக்கொண்டன. கேளையாடுகள் பின்னால் ஓடி வந்தன. "திட்டு சின்னது! நமக்கே இடம் போதாது!" என்று யாரோ கத்த, ஆண்மான்கள் திரும்பி நின்று இடுக்கில் கொம்போடு கொம்பைக் கோத்து வழியை அடைத்துவிட்டன. பதினொரு கேளையாடுகள் அந்தக் கொம்புகளுக்கு முன்னால் வெந்து போயின. அவற்றில் ஒன்று, செம்பியின் அக்கா மிளகி. செம்பி மட்டும் பாறையடியில் இருந்த ஒரு முள்ளம்பன்றி வளைக்குள் விழுந்து பிழைத்தது.

முதல் தீ நாளில் கவைக்கொம்பன் நான்கே வரிகள்தான் பேசியது. "பயந்தோம். வழியை அடைத்தோம். பதினொரு உயிர் போயிற்று. தவறு எங்களுடையது." பேசும்போது அதன் கண்ணில் நீர் வழிந்தது. பொய் அழுகை இல்லை, உண்மையான அழுகை. மூன்று நாள் கூட்டத்தில் யாரும் சரியாக மேயவில்லை.

நான்காம் நாள் தேன்வாய் வந்தது. அது ஒரு மைனா. மான்களின் முதுகில் உட்கார்ந்து பூச்சி பொறுக்குவது அதன் பிழைப்பு. காதருகே உட்கார்ந்து யோசனை சொல்வது அதன் பொழுதுபோக்கு.

"தலைவரே, இப்படிப் பேசலாமா? எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுறாங்க! தலை குனிஞ்ச கூட்டத்துக்குத் தலைவரா இருந்து என்ன பெருமை?"

"நடந்ததைத்தானே சொன்னேன்?"

"பாகற்காயைக்கூட வெல்லம் போட்டுத்தான் பரிமாறுறாங்க! நீங்க பச்சையா ஊட்டினா யார் திம்பாங்க?"

அடுத்த ஆண்டு கவைக்கொம்பன் கொஞ்சம் வெல்லம் போட்டது. "தீ மிகப் பெரியது. யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை" என்றது. அதற்கடுத்த ஆண்டு, "நம் ஆண்மான்கள் இடுக்கில் நின்றன" என்றது. நின்றது உண்மைதான்; ஏன் நின்றன என்பதைச் சொல்லவில்லை. ஒரு குட்டிமான் தலையை நீட்டி, "எதுக்கு நின்னாங்க?" என்று கேட்டது. கவைக்கொம்பன் தேன்வாயைப் பார்த்தது. தேன்வாய் பட்டென்று, "எதுக்கா? தீயைத் தடுக்கத்தான்!" என்றது. எல்லாக் குட்டிகளும் "ஓ!" என்று வாயைப் பிளந்தன.

அவ்வளவுதான். மறு ஆண்டிலிருந்து பேச்சில் அதுவே நிலைத்துவிட்டது. முதல்முறை அதைச் சொன்னபோது கவைக்கொம்பனுக்கு நாக்குத் தடுமாறியது. இரண்டாம்முறை தடுமாறவில்லை. மூன்றாம்முறை, தான் சொல்வதைக் கேட்டுத் தனக்கே மயிர்க்கூச்செறிந்தது! பொய் கேட்பவர்களுக்குப் பழகுவதைவிடச் சொல்பவருக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

அன்று இடுக்கில் நின்ற வயதான மான்கள் நாலைந்து இன்னும் இருந்தன. அவை என்ன செய்தன? அசைபோட்டன! வாயைத் திறந்தால் தங்கள் கொம்பும் அங்கே இருந்தது தெரிந்துவிடுமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருவரால் முடியாது. சோறு போடவும் பார்த்தும் பாராமல் இருக்கவும் நிறையப் பேர் வேண்டும்.

பிறகு ஒரு சடங்கும் சேர்ந்துகொண்டது. தீ நாளில் இரண்டு இளமான்கள் இடுக்கை அடைத்துக்கொண்டு கொம்பு கோத்து நிற்கும். கூட்டம் குளம்பால் தரையைத் தட்டி உறுதிமொழி சொல்லும். அதை எழுதிக் கொடுத்ததும் தேன்வாய்தான்.

"விலகோம்! விலகோம்! யார் சொன்னாலும் விலகோம்! தலைவரே சொன்னாலும் விலகோம்!"

அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது பெரிய மரியாதை. பெற்ற மான்கள் மகிழ்ந்து குதிக்கும். எட்டு ஆண்டு என்பது மான்களுக்கு ஒரு தலைமுறை. தீயைக் கண்ணால் பார்த்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. மற்ற எல்லாம் பேச்சைக் கேட்டு வளர்ந்தவை.

எட்டாவது தீ நாள் வந்தது. அந்த ஆண்டு தை மாதத்துக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. புதர்கள் காய்ந்து கிடந்தன. செம்பி வழக்கம்போல முன்கூட்டியே வந்து கவைக்கொம்பன் முன்னால் நின்றது.

"அண்ணே, இந்த வருஷமாவது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்க."

"எந்த வாக்கியம், தங்கச்சி?" தெரியாததுபோலக் கேட்டது கவைக்கொம்பன்.

"வழியை அடைச்சது நாங்கதான்னு. முதல் வருஷம் சொன்னீங்களே, அதேதான். எனக்கு வேற எதுவும் வேண்டாம். எங்க அக்கா எப்படிச் செத்தான்னு இங்க இருக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

கவைக்கொம்பன் வேறு பக்கம் பார்த்தது. தேன்வாய் அதன் முதுகிலிருந்து எட்டிப் பார்த்துச் சீறியது.

"வருஷா வருஷம் இதையே பாடுறியே! நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பழசைக் கிளறுற?"

"பழசைப் பேசத்தானே இந்த நாளே வச்சிருக்கீங்க?" என்று கேட்டது செம்பி.

தேன்வாய் இறகைக் கோதிக்கொண்டது.

கூட்டம் தொடங்கியது. இந்த முறை கொம்பு கோக்கும் மரியாதை கவைக்கொம்பனின் சொந்த மகன் இளங்கொம்பனுக்கும், அதன் தோழன் வரியனுக்கும் கிடைத்திருந்தது. இரண்டும் இடுக்கில் போய் நின்று, டக்கென்று கொம்பைக் கோத்தன. கூட்டம் ஆரவாரித்தது. கவைக்கொம்பன் பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமியது.

"வீரம் விளைந்த புல்வெளியின் புள்ளிக் குலமே! எட்டாண்டுகளுக்கு முன், இதே இடுக்கில், கொம்போடு கொம்பு கோத்து நின்றோம்! சீறி வந்தது தீ! நம் கொம்பைக் கண்டது! நடுங்கியது! திரும்பி ஓடியது!"

"ஓடியது! ஓடியது!" என்றது கூட்டம்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற செம்பி மூக்கைத் தூக்கியது. மேற்கிலிருந்து காற்று வந்தது. காற்றில் ஒரு கார நெடி. அந்த நெடியை அது சாகும்வரை மறக்காது. உடனே தொண்டை கிழியக் குரைத்தது.

"புகை! புகை! தீ வருது, ஓடுங்க!"

"ஷ்ஷ்! தலைவர் பேசுறாரு!" என்றது ஒரு தாய்மான்.

"வருஷா வருஷம் இந்த அத்தைக்கு இதே வேலை! நம்ம கூட்டத்தைக் குழப்பணும்!" என்றது இன்னொன்று.

அதற்குள் புதருக்கு மேலே புகை எழும்பிவிட்டது. பின்னாலேயே செந்நாக்கும் தெரிந்தது. உண்ணிச்செடி பட்பட்டென்று வெடித்தது.

அப்போது நடந்ததுதான் பயங்கரம். ஒரு மான்கூட ஓடவில்லை! எல்லாம் தீயைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றன. "பயப்படாதே கண்ணு, கொம்பு கோத்தாச்சு. இப்போ தீ திரும்பிடும் பாரு" என்று தாய்மான்கள் குட்டிகளுக்குச் சொல்லின. குட்டிகள் இருமிக்கொண்டே தலையாட்டின.

கவைக்கொம்பன் இடுக்கைத் திரும்பிப் பார்த்தது. இருந்த ஒரே வழியை, அதன் பேச்சைக் கேட்டு, அதன் மகனே அடைத்துக்கொண்டு நிற்கிறது!

"விலகுங்க! வழியை விடுங்க!" என்று கத்தியது.

கூட்டம் சிலிர்த்துப் போய்த் தரையைத் தட்டியது. "தலைவரே சொன்னாலும் விலகோம்!"

"ஐயோ, சடங்கு இல்லைடா! நிஜமாச் சொல்றேன், விலகு!"

"தெரியும்ப்பா! எங்களைச் சோதிக்கிறீங்க! நீங்க நின்ன மாதிரியே நிப்போம்!" என்றது இளங்கொம்பன். காலை இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டது.

தேன்வாய் காதருகே படபடத்தது. "தலைவரே, ஒரு நல்ல வரி தோணுது! 'வெற்றியைக் காக்க இடம் மாறுவோம்'னு சொல்லுங்க! பேரும் கெடாது, வழியும் கிடைச்சிடும்!"

கவைக்கொம்பன் அதையும் சொல்லிப் பார்த்தது. "புள்ளிக் குலமே! வெற்றியைக் காக்க நாம் இடம் மாறுவோம்!"

"விலகோம்! விலகோம்!" என்றது கூட்டம். அழகாகப் பேசினால் அழகாகக் குளம்பு தட்டுவது ஒன்றுதான் அவற்றுக்குப் பழக்கம். ஒரு தீப்பொறி பறந்து வந்து தேன்வாயின் வாலில் பட்டது. அது "அப்புறம் பார்ப்போம் தலைவரே!" என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் பறந்தே போய்விட்டது. அதற்கென்ன, சிறகு இருக்கிறது!

செம்பி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு பாறைக்கு வந்தது.

"அண்ணே, கட்டளை போட்டா கேட்க மாட்டாங்க. நீங்க சொல்லிக் கொடுத்த பாடம் அப்படி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்க. இப்போ அதை எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்க பிள்ளைங்களுக்காகச் சொல்லுங்க!"

கவைக்கொம்பன் பாறையை விட்டுக் கீழே இறங்கியது. மகனின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. மேடைக் குரல் எங்கோ போய்விட்டது.

"டேய், கேளுங்கடா. அன்னிக்குத் தீ எங்களைப் பார்த்துத் திரும்பல. நாங்க முதல்ல ஆத்துக்கு ஓடிட்டோம். ஓடின பிறகுதான் கொம்பைக் கோத்தோம். கேளையாடுங்க வந்துடக் கூடாதுன்னு கோத்தோம். மிளகி என் மூக்குக்கு முன்னால நின்னு கத்தினா. நான் விலகல. பாறையில எரிய ஒண்ணும் இல்ல, அதனால தீ தானா நின்னுச்சு. நாங்க வீரனுங்க இல்லடா, பயந்தாங்கொள்ளிங்க. இத்தனை வருஷமா உங்ககிட்டப் பொய் சொன்னேன்!"

குளம்புச் சத்தம் நின்றுவிட்டது.

"இதுவும் சோதனைதானே அப்பா?" என்று கேட்டது இளங்கொம்பன்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழட்டு மான் பேசியது. "இல்லப்பா. நிஜம். நானும் நின்னேன்." இன்னொரு கிழட்டு மான், "நானும்தான்" என்றது. எட்டு ஆண்டு அசைபோட்டதை அன்றைக்குத்தான் துப்பின.

இளங்கொம்பன் பின்னால் இழுத்தது. வரியனும் இழுத்தது. கொம்பு கழலவில்லை! கிளைக்குள் கிளை மாட்டிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

"இழுக்காதீங்க!" என்றது செம்பி. "ரெண்டு பேரும் நிமிர்ந்துகிட்டு இழுத்தா எப்படிக் கழலும்? தலையைத் தாழ்த்துங்க. நல்லாத் தாழ்த்துங்க. மண்ணைத் தொடுற அளவுக்கு!"

இரண்டும் தலையைத் தாழ்த்தின. மூக்கு மண்ணில் பட்டது. கொம்புகள் மெல்லச் சாய்ந்து, கழன்றன. வழி திறந்தது.

"செம்பி, நீ முதல்ல போ!" என்றது கவைக்கொம்பன்.

"குட்டிங்க முதல்ல!" என்றது செம்பி.

குட்டிகள் போயின. பிறகு தாய்மான்கள் போயின. பிறகு மற்றவை வரிசையாகப் போயின. கடைசியில் செம்பியை முன்னால் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் கவைக்கொம்பன் நுழைந்தது. அதற்குள் அதன் வால் முடி கருகிவிட்டது. தீ பாறைவரை வந்தது. எரிய ஒன்றும் இல்லாமல், எட்டு ஆண்டுக்கு முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது.

மணல்திட்டில் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. தாய்மான்கள் நக்கி நக்கி எண்ணிப் பார்த்தன.

மான்கள் தண்ணீர் குடிக்கப் பத்துப் பத்தாகத்தான் வரும். கூட்டம் முழுவதும் அந்தத் திட்டில் ஒன்றாக நின்றது எட்டு ஆண்டுக்குப் பிறகு அன்றுதான். இளங்கொம்பன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது. பிறகு தகப்பனிடம் வந்தது.

"அப்பா, அன்னிக்கு நம்ம கூட்டம் எவ்வளவு பெருசு?"

"இப்போ இருக்கிறதுல பாதி."

"இப்போ எல்லாரும் நின்ன பிறகும் பாதித் திட்டு காலியா இருக்கே! அன்னிக்கு?"

கவைக்கொம்பன் செம்பியைப் பார்த்தது. முதல் ஆண்டு அழுதபோதுகூட இதை அது சொல்லவில்லை. செம்பியும், இடம் போதாமல்தான் அடைத்தார்கள் என்று எண்ணி, எப்படியோ மனத்தைத் தேற்றி வைத்திருந்தது.

"இடம் இருந்துச்சு" என்றது கவைக்கொம்பன். "பதினொரு பேருக்கும் இருந்துச்சு. திரும்பிப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்."

செம்பி காலியாகக் கிடந்த மணலுக்கு நடந்து போய், நடுவில் படுத்துக்கொண்டது. அது அழுததை எல்லா மான்களும் பார்த்தன. யாரும் வேறு பக்கம் திரும்பவில்லை. கவைக்கொம்பன் மெல்ல அருகில் போயிற்று.

"மன்னிப்பியா, தங்கச்சி?"

"அதைப் பதினொரு பேர்கிட்டக் கேட்கணும், அண்ணே. நான் ஒருத்திதான். ஆனா அடுத்த வருஷமும் வருவேன். நீங்க என்ன பேசுறீங்கன்னு கேட்கிறதுக்கு."

அடுத்த ஆண்டு தீ நாள் வந்தது. காலையிலேயே தேன்வாய் வாலில் புது இறகு முளைத்து வந்து சேர்ந்தது.

"தலைவரே, அருமையான தொடக்கம் வச்சிருக்கேன்! 'தீயின் நடுவிலும் உண்மை சொன்ன மாவீரர் நாம்! இப்படி ஒரு கூட்டம் எந்தக் காட்டில் உண்டு?' எப்படி?"

கவைக்கொம்பன் ஒரு கணம் அந்த வரியைக் கேட்டு நின்றது. நன்றாகத்தான் இருந்தது! பிறகு உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. தேன்வாய் புதரில் போய் விழுந்தது.

அன்று யாரும் கொம்பு கோக்கவில்லை. கவைக்கொம்பன் பாறைமேல் ஏறவும் இல்லை. தரையில் நின்று நான்கு வரிகள் பேசியது. "பயந்தோம். வழியை அடைத்தோம். இடம் இருந்தது. தவறு எங்களுடையது." பிறகு பதினொரு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. பெயர்களைச் செம்பிதான் சொல்லிக் கொடுத்திருந்தது. கடைசிப் பெயர் மிளகி.

அதன்பின் எல்லாம் இடுக்கு வழியாக நடந்து மணல்திட்டுக்குப் போயின. முதலில் குட்டிகள் போயின. திட்டின் ஒரு பகுதியில் மட்டும் யாரும் நிற்கவில்லை. பதினொரு கேளையாடுகள் நிற்கும் அளவுக்கு அங்கே இடம் விட்டிருந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு குட்டி கேட்டது. இந்த முறை பதில் சொல்ல மைனா யாரும் இல்லை. இளங்கொம்பனே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னது.

செம்பி முழுவதையும் கேட்டது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தது.

முன்னோர் செய்த தவறை வீரம் என்று பேசிப் பேசிப் போற்றுகிறவர்களின் வழியை, ஆபத்து வரும் நாளில் அந்தத் தவறே வந்து மறிக்கும்.